பெரிய பாட்டுச் சேமிப்பைக் கணினியில் ஒழுங்குபடுத்த எந்த மென்பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்டு டிஸ்க் முழுக்கப் பாட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய எம்பி3 சிடியிலிருந்து எடுத்தது, கேசட்டிலிருந்து பதிந்தது, நண்பர் பென் டிரைவில் கொடுத்தது, காசு கொடுத்து வாங்கியது என்று எல்லாம் கலந்து கிடக்கும். என்னிடம் இருப்பது 31,000 கோப்புகளுக்குக் கொஞ்சம் மேல். முக்கால்வாசி தமிழ்த் திரைப்பாடல், மிச்சம் கர்நாடக இசை, நாதஸ்வரம், கொஞ்சம் நாட்டுப்புறப் பாட்டு. இதை ஒழுங்கு பண்ணப் பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதைப் போடுவது?

விண்டோஸ் என்றால் மியூசிக்பீ. லினக்ஸ் என்றால் ஸ்ட்ராபெர்ரி. இரண்டில் எதைப் போட்டாலும், டேக் திருத்த எம்பி3டேக் மாதிரி தனியாக ஒன்று வேண்டும்.

ஆனால் பெயரைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்து திருத்துகிற விஷயமெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது? பாட்டுக் கோப்புக்குள்ளேயா, அந்த மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்திலா? கோப்புக்குள் எழுதினால் நாளைக்கு வேறு பிளேயருக்குப் போனாலும் உழைப்பு கூடவே வரும். தரவுத்தளத்தில் மட்டும் எழுதினால் அந்த மென்பொருளோடு அதுவும் போய்விடும். ஐடியூன்ஸில் நட்சத்திர மதிப்பீடும் எத்தனை தடவை கேட்டோம் என்ற கணக்கும் அதன் லைப்ரரிக்குள்தான் இருந்தன, கோப்பில் ஏறவில்லை. வருடக்கணக்காக நட்சத்திரம் போட்டவர்கள் வேறு மென்பொருளுக்கு மாறியபோது வெறும் பாட்டு மட்டும்தான் கையில் நின்றது.

டேக் டேக் என்கிறீர்களே, அது என்ன?

பாட்டுக் கோப்புக்குள் ஒலியோடு சேர்த்து வைக்கும் விவரச் சீட்டு. தலைப்பு, பாடியவர், ஆல்பம், வருடம், இசையமைப்பாளர், அட்டைப் படம் எல்லாம் அதில் இருக்கும்.

எம்பி3யில் முதலில் வந்த ஐடி3 முறையில் கோப்பின் கடைசியில் 128 பைட் இடம் மட்டும்தான். அதில் தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் பொதுவான குறியீட்டு முறை) தமிழை, அதைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் போய்விடும்; புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு. ‘எம்.எஸ்.விஸ்வநாதன்’ என்று அந்த 30 பைட்டுக்குள் எழுதப் பார்த்தால் ‘எம்.எஸ்.விஸ’ என்பதோடு நின்றுவிடும், ஸ-வுக்கு மேல் வைக்கப் புள்ளிக்குக்கூட இடம் இருக்காது. பின்னால் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. எம்பி3டேக்கின் அமைப்புப் பகுதியில் பழைய பதிப்பை நீக்கவும் புதியதை மட்டும் எழுதவும் சொல்லலாம். முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். நல்ல தாலாட்டுப் பாட்டுக்கும் முருகன் பாட்டுக்கும் வகை என்ற இடத்தில் ‘ப்ளூஸ்’ என்று இருக்கும். யாரும் வேண்டுமென்று போட்டதில்லை. பழைய ஐடி3யில் வகையை ஒரு எண்ணாகத்தான் எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் பூஜ்யம் என்றால் ப்ளூஸ். சிடி தயாரித்தவர் நிரப்பாமல் விட்ட இடத்தில் பூஜ்யம் உட்கார்ந்துகொண்டது.

படத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று அழகாக வைத்திருக்கிறேன். அது போதாதா?

500 பாட்டு வரைக்கும் போதும். அதற்கு மேலே போனால் போதாது. ஒரு பாட்டை ஒரு ஃபோல்டரில்தான் வைக்க முடியும். ஆனால் அதே பாட்டை நீங்கள் படத்தை வைத்தும் தேடுவீர்கள், பி.சுசீலா பாடியது என்றும் தேடுவீர்கள், கண்ணதாசன் எழுதியது என்றும் தேடுவீர்கள். டேக்கில் இவை எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது, பாடலாசிரியருக்கும் சேர்த்து.

அதற்காக ஃபோல்டரைக் கலைக்க வேண்டாம். ஃபோல்டர் பெயர் ஒழுங்காக இருந்தால் எம்பி3டேக்கில் ‘கோப்புப் பெயரிலிருந்து டேக்’ என்ற வசதியை வைத்து, வருடம், படம், பாட்டு எண், தலைப்பு நான்கையும் ஒரே தட்டில் நிரப்பிவிடலாம். ஒழுங்காக ஃபோல்டர் வைத்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரே படம் ஐந்து ஆல்பமாக உடைந்து காட்டுகிறது. ஏன்?

தமிழ்ப் பாட்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இந்த மென்பொருள்கள் பெரும்பாலும், ஒரு பாடகர் ஒரு ஆல்பம் வெளியிடுவார் என்ற கணக்கில் உருவானவை. நம் படத்தில் ஐந்து பாட்டு என்றால் ஐந்து பாட்டுக்கும் வேறு வேறு குரல். பாடியவரை வைத்து ஆல்பத்தைப் பிரிக்கும் மென்பொருள் அதை ஐந்து துண்டாக்கிவிடும்.

‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்று தனியாக ஒரு இடம் இருக்கிறது. பாடியவர் என்பது வேறு, இது வேறு. படத்தின் எல்லாப் பாட்டுக்கும் இந்த இடத்தில் ஒரே பெயரை எழுதினால் ஆல்பம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நான் அதில் இசையமைப்பாளர் பெயரை எழுதுகிறேன். ‘பலர்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் நம் ஊரில் பாட்டை யாருடைய பாட்டு என்று சொல்கிறோம்? இளையராஜா பாட்டு, ரஹ்மான் பாட்டு என்றுதானே. அதே பேச்சு திரையிலும் தெரியட்டும். இதைச் செய்து முடித்த அன்று, இடது பக்கம் இசையமைப்பாளர்கள் வரிசையும், ஒருவரைத் தட்டினால் அவருடைய படங்கள் வருட வாரியாகவும் வந்து நின்றபோது, என் சேமிப்பையே அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

இரண்டு சின்ன எச்சரிக்கை. விஸ்வநாதன்-ராமமூர்த்தி 1965 வரை இரட்டையர், அதற்கப்புறம் தனித்தனி. இரண்டு காலத்தையும் எம்.எஸ்.வி. என்று ஒரே பெயரில் அடைத்துவிடாதீர்கள். இன்னொன்று, படத்தின் பெயரோடு வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள். ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965-லும் இருக்கிறது, 2010-லும் இருக்கிறது. வருடம் இல்லாவிட்டால் சில பிளேயர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

விண்டோஸில் மியூசிக்பீயா, ஃபூபார்2000-ஆ, மீடியாமங்கியா?

மூன்றுமே இலவசமாகக் கிடைப்பவை. மீடியாமங்கிக்குக் காசு கொடுத்து வாங்கும் பதிப்பும் உண்டு. மூன்றுமே பல ஆயிரம் பாட்டை அலுக்காமல் தாங்கும்.

மியூசிக்பீ நிறுவியவுடனே லைப்ரரி மாதிரி இருக்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘இன்பாக்ஸ்’. புதிதாக வரும் பாட்டெல்லாம் முதலில் அங்கே நிற்கும். டேக்கைச் சரிபார்த்துவிட்டு நாமே லைப்ரரிக்குள் அனுப்பலாம். திருத்தாத சரக்கு திருத்திய சரக்கோடு கலக்காது. 30,000 பாட்டைத் திருத்துகிறவருக்கு இந்த ஒரு வேலி எவ்வளவு பெரிய உதவி என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஃபூபார்2000 முதலில் வெளிவந்தது 2002-ல். எழுதியவர் பீட்டர் பாவ்லோவ்ஸ்கி, வினாம்ப் என்ற பழைய பிளேயரை உருவாக்கிய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர். திறந்தவுடன் வெறிச்சென்று ஒரு சாம்பல் பெட்டி மாதிரி இருக்கும். நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டு உடனே நீக்கிவிடுகிறார்கள். ஆனால் எந்தக் கட்டம் எங்கே இருக்க வேண்டும், எந்த வரிசையில் எது தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் நாமே அமைக்கலாம். இசையமைப்பாளர், அதற்குள் வருடம், அதற்குள் படம் என்று ஒரு மரம் வேண்டுமா, ஒரே வரியில் எழுதிவிடலாம். பழைய கணினியிலும் பறக்கும். இரண்டு சாயங்காலம் அதோடு உட்காரப் பொறுமை இருக்கிறவருக்கு இதைவிட நல்லது கிடையாது.

மீடியாமங்கியில் டேக் திருத்தும் வசதி நன்றாக இருக்கும், போனோடு ஒத்திசைப்பதும் எளிது. எனக்கு அது கைப்பழக்கம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

வி.எல்.சி.யைப் பற்றியும் கேட்பார்கள். எதைக் கொடுத்தாலும் பாடும், அதற்காக அதை எப்போதும் வைத்திருக்கிறேன். லைப்ரரி வேலைக்கு அது சரிப்படாது.

லினக்ஸ், மேக்?

லினக்ஸில் ஸ்ட்ராபெர்ரி. இதன் பரம்பரை நல்ல பரம்பரை: அமரோக் என்ற பழைய லினக்ஸ் பிளேயரின் 1.4 பதிப்பை விட மனம் வராதவர்கள் கிளமெண்டைன் செய்தார்கள், அதன் வளர்ச்சி தேங்கிய பிறகு 2018-ல் அதிலிருந்து ஸ்ட்ராபெர்ரி பிரிந்தது. குவாட் லிபெட் என்று இன்னொன்று உண்டு. நாமாக ஒரு டேக் பெயர் வைத்து அதை வைத்தே பட்டியலிட வேண்டுமென்றால் குவாட் லிபெட்டில் அது வெகு சுலபம்.

மேக்கில் 2019 வரை ஐடியூன்ஸ், அப்புறம் அதே இடத்தில் மியூசிக் செயலி. ஃபூபார்2000-க்கு மேக் பதிப்பும் இருக்கிறது.

டேக்கைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

தமிழில். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆங்கில எழுத்தில் எழுதினால் இளையராஜாவுக்கே நான்கைந்து எழுத்துக்கூட்டல் வரும். ஒருவர் ஒரு ‘ஏ’ போடுவார், ஒருவர் இரண்டு போடுவார், ‘எல்’ இரட்டிக்கும். நான்கு எழுத்துக்கூட்டலும் நான்கு இசையமைப்பாளராகத் தெரியும்.

தமிழிலும் கவனம் வேண்டும்தான். ‘எஸ்.ஜானகி’, ‘எஸ். ஜானகி’, ‘ஜானகி எஸ்’ மூன்றும் கணினிக்கு மூன்று பேர். பாலசுப்ரமணியம், பாலசுப்பிரமணியம், எஸ்.பி.பி. என்று அவர் ஒருவரே ஒரு கூட்டமாகிவிடுவார். ஒரு நோட்டில் முக்கியமான ஐம்பது அறுபது பெயர்களை எப்படி எழுதப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு பண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நோட்டு இன்றைக்கும் மேசையில் இருக்கிறது.

வரிசையில் ஒரு குறை தெரியலாம். யூனிகோடில் எழுத்துகளை அடுக்கிய முறை நம் நெடுங்கணக்கு முறை இல்லை. ‘ஜ’ அதில் ‘ச’-வுக்கு அடுத்து வரும், ‘ன’ ‘ந’-வுக்கு அடுத்து வரும். மொழிக்கேற்ப வரிசைப்படுத்தாத பிளேயரில் ஜானகி தகர வரிசைக்கு முன்னாலேயே வந்து நிற்பார். பழகிவிடும்.

தமிழில் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். தேடினால் பாதிப் பாட்டு வரவில்லை!

இதற்காக நான் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ‘க’ போட்டு அதன் மேல் ‘ொ’ என்ற ஒரே குறியீட்டைப் போடலாம். அல்லது ‘க’, ‘ெ’, ‘ா’ என்று மூன்றாகவும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒரு இம்மி வித்தியாசம் தெரியாது. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோட் விதியும் சொல்கிறது. ஆனால் அந்த விதியைப் பார்க்காமல் குறியீடு குறியீடாக ஒப்பிடும் மென்பொருள் நிறைய இருக்கிறது. நீங்கள் ‘கொடி’ என்று தட்டினால் முதல் வகையில் எழுதியது வரும், இரண்டாவது வகை வராது. ‘ோ’-வுக்கும் இதே கதை. பழைய மேக் கணினியில் வைத்திருந்த கோப்புப் பெயர்களில் இப்படிப் பிரிந்த வடிவம் அதிகம் வரும், அந்தக் கோப்பு முறையே பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும்.

இதற்குத் தீர்வு எம்பி3டேக்கில் இருக்கிறது. ‘செயல்’ என்ற பகுதியில் மாற்றீடு ஒன்றை உருவாக்கி, ‘ெ’+‘ா’ வந்தால் ‘ொ’ என்றும் ‘ே’+‘ா’ வந்தால் ‘ோ’ என்றும் மாற்றச் சொல்லுங்கள். எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவை ஓட்டினால் போதும். என் சேமிப்பில் 400-க்கும் மேற்பட்ட பாட்டு அன்றைக்கு வெளியே வந்தது. இருக்கிறதே தெரியாமல் இருந்த பாட்டு.

அப்புறம் ‘கௌரி’-யை ‘கெளரி’ என்றும் ‘ஔவை’-யை ‘ஒளவை’ என்றும், அதாவது ‘ள’ என்ற முழு எழுத்தைப் போட்டு அடித்திருப்பார்கள். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ போட்டதும் அகப்படும். இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். நல்ல வார்த்தையிலும் ‘ெள’ வரும், ‘வெள்ளி’ மாதிரி, அதனால் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள்.

பழைய கோப்புகளில் தமிழ் குப்பை எழுத்தாகத் தெரிகிறது. போனது போனதுதானா?

பெரும்பாலும் மீட்டுவிடலாம். யூனிகோட் பரவும் முன்பு டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று எழுத்துரு முறைகள் பல இருந்தன. அந்த முறையில் அடித்த டேக் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் குப்பையாகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் குறியீடு கெடவில்லை. எம்பி3டேக்கிலிருந்து டேக்குகளை ஒரு உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள், என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள், திரும்ப இறக்குமதி செய்யுங்கள். வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால் ஒரு ஃபோல்டருக்கு ஐந்து நிமிடம்.

கர்நாடக இசைக்கு எப்படி டேக் போடுவது?

பாடியவர் இடத்தில் கச்சேரி செய்தவர், இசையமைப்பாளர் இடத்தில் தியாகராஜர், தீட்சிதர், பாபநாசம் சிவன் என்று கீர்த்தனை இயற்றியவர். ராகத்துக்கும் தாளத்துக்கும் நாமாக டேக் உருவாக்கிக்கொள்ள வேண்டும். மியூசிக்பீ, ஃபூபார், குவாட் லிபெட் மூன்றிலும் இது முடியும். ராகத்தை ‘வகை’ என்ற இடத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடம் எல்லா பிளேயரிலும் காரிலும் தெரியும் என்பதால் அதுவும் நல்ல யோசனைதான். ராகம் நிரப்பி முடித்த பிறகு, தோடி என்று தட்டினால் நாதஸ்வரத்தில் ஒன்றும் வயலினில் ஒன்றும் குரலில் நான்கும் அடுத்தடுத்து வரும். ஒரு ராகத்தை அப்படிக் கேட்க எந்தக் கடையிலும் இசைத்தட்டு கிடைக்காது.

ஒரே ஒரு விஷயத்தைச் சோதித்துவிட்டு பிளேயரைத் தேர்ந்தெடுங்கள். ராகம் தானம் பல்லவியை சிடியில் மூன்று நான்கு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சின்ன இடைவெளி விழுந்தால் தாளம் தடுக்கும். எம்பி3 ஆக்கும்போதே முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்கிறது. லேம் மாதிரியான குறியாக்கி (ஒலியை எம்பி3 ஆக்கும் மென்பொருள்) அந்த அளவைக் கோப்பில் குறித்து வைக்கும், நல்ல பிளேயர் அதைப் படித்து வெட்டிவிடும். ஃபூபார் இதைச் சுத்தமாகச் செய்யும். தனி ஆவர்த்தனம் நடுவில் வெட்டுப்படும் ஒரு கச்சேரியைப் போட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

தானாகவே டேக் நிரப்பும் மென்பொருள் இருக்கிறதாமே?

மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட். பாட்டின் ஒலியைக் கேட்டே இது இன்ன பாட்டு என்று கண்டுபிடிக்கப் பார்க்கும். தரவுத்தளத்தில் இருக்கும் பாட்டுக்கு அற்புதமாக வேலை செய்யும். பழைய தமிழ்ப் படப் பாட்டுக்கு எனக்குப் பாதிக்கு மேல் கை கொடுக்கவில்லை, கிடைத்ததும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. அந்தத் தரவுத்தளம் பொதுமக்கள் சேர்த்து வளர்ப்பது. நீங்கள் ஒரு படத்தின் விவரத்தைச் சரியாகச் சேர்த்தால் அடுத்தவருக்கு அது கிடைக்கும். மாதம் ஒரு படமாவது சேர்க்கிறேன்.

‘கோப்புகளை ஒழுங்குபடுத்து’ என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறதே, போடலாமா?

டேக் எல்லாம் சரியாகும் வரை போடாதீர்கள். எனக்கு நடந்தது இது. அப்போது பயன்படுத்திய ஒரு மென்பொருளில் அந்த டிக்கைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். ஃபோல்டரையும் கோப்புப் பெயரையும் டேக்கைப் பார்த்து அது மாற்றும். டேக் காலியாக இருந்த பாட்டெல்லாம் ‘தெரியாத கலைஞர்’ என்ற ஒரே ஃபோல்டருக்குள் போய், ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 01 (2)’, ‘ட்ராக் 01 (3)’ என்று பெயர் மாறிக் கிடந்தன. எந்தப் படம் என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே சான்று பழைய ஃபோல்டர் பெயர்தான், அதுவும் போய்விட்டது. 2,000-க்கும் மேல். ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெயர் வைத்தேன்.

லினக்ஸில் இன்னொரு தடை வரும். அங்கே பொதுவாக ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான். தமிழுக்கு 3 பைட் வீதம் 85 குறியீடு. பாட்டின் முதல் வரி, பாடியவர் இருவர், படம் என்று நீட்டி எழுதினால் விண்டோஸிலிருந்து நகல் எடுக்கும்போது பாதி வராது. கோப்புப் பெயரைச் சுருக்கமாக வையுங்கள், விவரமெல்லாம் டேக்கில் இருக்கட்டும்.

பழைய பாட்டு மெதுவாக, புதுப் பாட்டு காதைக் கிழிக்கிறது. சமப்படுத்த முடியுமா?

முடியும். ரீப்ளேகெயின் என்று பெயர். ஒவ்வொரு பாட்டின் சத்தத்தையும் அளந்து டேக்கில் ஒரு எண்ணாக எழுதி வைக்கும், பாடும்போது பிளேயர் அதைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும். பிளேயர் இதை டேக்காக மட்டும் எழுதும்போது ஒலியில் கை வைப்பதில்லை. இரவு முழுக்க ஓட விடுங்கள்.

எம்பி3யை ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. ஃபிளாக் என்பது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை. ஆனால் எம்பி3 ஆக்கும்போது தூக்கி எறிந்தது திரும்பி வராது. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) எம்பி3யை 320 ஆக்கினாலும் இதே பதில். சிடியிலிருந்தோ கேசட்டிலிருந்தோ புதிதாக எடுப்பதை மட்டும் ஃபிளாக்கில் எடுங்கள். ஐந்து நிமிடப் பாட்டு 128-ல் சுமார் 5 எம்பி, 320-ல் 12 எம்பி, ஃபிளாக்கில் 30 எம்பி வாக்கில் வரும். 20,000 பாட்டு என்றாலும் ஃபிளாக்கில் 600 ஜிபிதான்.

அதை இரண்டு டிஸ்கில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

போனிலும் காரிலும் கேட்க?

வீட்டில் எப்போதும் ஓடும் கணினி இருந்தால் நாவிட்ரோம் நிறுவுங்கள். நம் லைப்ரரியை நம் போனுக்கே அனுப்பும், டேக்கை அப்படியே படிக்கும். காருக்கு பென் டிரைவ்தான். பல கார்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். காருக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து அதில் ஆங்கில எழுத்தில் டேக் போட்டுக்கொள்ளலாம். மூலத்தைத் தொடாதீர்கள்.

அப்பாவின் கேசட்டிலிருந்து எடுத்தேன். வாசித்தது யார் என்றே தெரியவில்லை. என்ன எழுதுவது?

ஊகித்து ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள். ‘தெரியவில்லை’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள், பிறகு அந்த ஒரு வார்த்தையைத் தேடி மொத்தத்தையும் எடுக்கலாம். ‘குறிப்பு’ என்ற இடத்தில் கேசட் உறையில் இருக்கும் கையெழுத்தை உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். ‘பெரிய கோயில் 3ம் நாள்’ என்று இருந்தால் அப்படியே. உறையைப் படம் எடுத்து அட்டைப் படமாக ஏற்றுங்கள்.

அப்புறம் வீட்டுப் பெரியவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாதஸ்வரக் கேசட் ஒன்பது வருடம் ‘தெரியவில்லை’ என்று இருந்தது. போன பொங்கலுக்கு அத்தை வந்திருந்தபோது வைத்தேன். ஆலாபனை முடிவதற்குள், “இது உங்க சித்தப்பா கல்யாணத்துல வாசிச்சது. பின்னால குழந்தை அழுவுது பாரு, அது நீதான்” என்றார். கல்யாணத் தேதியையும் வாசித்தவர் பெயரையும் அத்தையிடமே கேட்டு அன்றைக்கே டேக்கில் ஏற்றினேன்.